அத்தியாயம் 7: தீபாவளித் தெருவில் சின்னப் பிள்ளைகள்

முறையாக நடக்கும் பட்டாசு ஆலைக்குள் காலையில் வேலைக்கு நுழைகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். நைலான், பாலியஸ்டர் துணி கூடாது, பருத்திதான். செல்போன், தீப்பெட்டி எல்லாம் கேட்டிலேயே நின்றுவிடும். மருந்து அறைக்குப் போகுமுன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. வெளியே மணல் வாளியும் தண்ணீர்த் தொட்டியும் தயாராக இருக்கும். இடி மின்னல் என்றால் வேலை நின்றுவிடும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது இந்தத் தொழிலோடு சம்பந்தப்பட்டவர். இந்த ஒழுங்கெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

அதே வீட்டில் தீபாவளி இரவு நடப்பது வேறு. மூன்று வயதுப் பிள்ளைக்கு நெட் கவுன் மாட்டி, கையில் கம்பி மத்தாப்பைக் கொடுத்துவிட்டு, சொந்தக்காரர்கள் சுற்றி நின்று படம் பிடிக்கிறார்கள். மூடியைக் கிழித்த பட்டாசுப் பெட்டி இரண்டடி தள்ளித் திறந்து கிடக்கிறது. வாளி குளியலறையில் இருக்கிறது.

ஆலை வாசலில் கடைப்பிடிக்கும் ஒழுங்கைத் தீபாவளி அன்று வீட்டு வாசலுக்கும் கொண்டு வாருங்கள் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கோரிக்கை. பிள்ளைகளைத் தீப்பெட்டி, பட்டாசு வேலையிலிருந்து மீட்க நம் பகுதியில் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அபாயகரமான வேலையில் பிள்ளையை வைத்த முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. எந்த மருந்துக்குப் பக்கத்தில் பிள்ளை போகவே கூடாது என்று சட்டம் தடுத்ததோ, அதே மருந்தை விளையாட்டுச் சாமானாக நாமே கையில் கொடுக்கிறோம். பெரியவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வதாவது வேண்டாமா?

ஒரு பிள்ளைக்கு ஓர் ஆள்

தீபாவளி வீட்டில் பெரியவர்களுக்குப் பஞ்சமே இல்லை. தாத்தா, பாட்டி, சித்தப்பா, அத்தை எல்லாரும் வந்திருப்பார்கள். எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லாரும் நினைப்பதில்தான் பிள்ளை தனியாகிவிடுகிறது. அப்பா ராக்கெட்டுக்குப் பாட்டில் தேடுகிறார், அம்மா அடுப்படியில் இருக்கிறார், சித்தப்பா தெருமுனையில் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார். அந்த இரண்டு நிமிஷம் போதும்.

அதனால் தீபாவளிக்கு முதல் நாளே பெயர் சொல்லி ஆளை நியமியுங்கள். "நாளைக்குச் சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு வரைக்கும் சின்னவனுக்கு நீங்கதான் மாமா பொறுப்பு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஆள் அந்த ஒரு மணி நேரம் வெடி வைக்கக் கூடாது, போன் பார்க்கக் கூடாது, குடித்திருக்கவும் கூடாது. எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தனி ஆள். மூத்த பிள்ளையிடம் இளையதை ஒப்படைப்பது இதில் சேராது. பத்து வயது அக்காவும் பிள்ளைதான், அவளுக்கும் வெடி மேல்தான் கண் இருக்கும்.

தெருவைப் பற்றி அயல்நாட்டு அனுபவம் ஒன்று நமக்கு உதவும். அமெரிக்காவில் அக்டோபர் 31 அன்று ஹாலோவீன். பிள்ளைகள் வேடம் போட்டுக்கொண்டு இருட்டியபின் வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். யாராவது மிட்டாயில் விஷம் வைத்துவிடுவார்களோ என்பதுதான் அங்கே பெற்றோரின் பெரும் பயம். ஆனால் 1975 முதல் 2016 வரையிலான சாலை விபத்துகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, அன்று மாலை நடந்துபோகிறவர்கள் வாகனம் மோதி இறக்கும் அபாயம் மற்ற மாலைகளைவிட 43 விழுக்காடு கூடுவதைக் கண்டது. 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கு அது பத்து மடங்கு. பெற்றோர் பயந்தது மிட்டாய்க்கு, ஆபத்து வந்தது சாலையில்.

நம் தெருவிலும் அப்படித்தான். வெடிச் சத்தத்துக்குப் பயந்து பின்னாலேயே ஓடும் பிள்ளை, வருகிற பைக்கைப் பார்க்காது. பைக்கில் வருகிறவர் தரையில் கிடக்கும் வெடியைப் பார்த்துச் சட்டென்று ஒடிப்பார், பிள்ளையைப் பார்க்க மாட்டார். மெயின் ரோட்டில் வெடி வைக்கவே வேண்டாம். குறுகிய தெருவானால் இரண்டு முனையிலும் ஓர் ஆள் நின்று வண்டிகளை நிறுத்தி அனுப்பட்டும். பள்ளிக்கூட மைதானமோ, சாமான் வைக்காத காலி மனையோ கிடைத்தால் தெருக்காரர்கள் சேர்ந்து அங்கே போய்விடுவது உத்தமம். அந்த மனையில் காய்ந்த சீமைக்கருவேல முள்ளும் புல்லும் மண்டியிருந்தால் மட்டும் வேண்டாம்.

பலகாரத் தட்டோடு போகும்போது

வீடு வீடாகப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பெரும்பாலும் பிள்ளைகள் தலையில்தான் விழும். அவர்களுக்கும் அது பிடிக்கும். தட்டு நிறைய முறுக்கும் அதிரசமும் கொண்டுபோனால், பதிலுக்கு மைசூர்பாகும் பத்து ரூபாயும் கிடைக்கும். ஆனால் இரண்டு கையாலும் தட்டைப் பிடித்த பிள்ளைக்குக் காலடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. யாரோ திரியைப் பற்றவைத்துவிட்டு நகர்ந்திருப்பார், பிள்ளை நேராக அதன் மேல் நடந்து வரும்.

இதற்கு வழி நம் கையிலேயே இருக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் வெடிக்கும் நேரத்தை இரண்டு மணி நேரமாகக் கட்டுப்படுத்தியபின், தமிழ்நாடு அரசு அதைக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்து வைத்திருக்கிறது. எல்லாரும் அதை மதிப்பதில்லை என்பது உண்மை. ஆனாலும் பெரும்பகுதி வெடி அந்த நேரத்தை ஒட்டித்தான் வெடிக்கிறது. ஆகவே பலகாரப் போக்குவரத்தைக் காலை எட்டரைக்கு மேல், நல்ல வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் போக வேண்டியிருந்தால் ஐந்தரைக்குள் முடித்துவிடுங்கள். அந்த இரண்டு வெடி நேரத்திலும் பிள்ளை கையில் தட்டு இருக்கக் கூடாது.

ஆறு வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர் கூடப் போக வேண்டும். பெரிய பிள்ளைகள் இருவர் மூவராகப் போகட்டும், எந்தெந்த வீடு என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். கையில் செல்போன் எண்ணைப் பேனாவால் எழுதிவிடுவது சிவகாசி ரத வீதி, விருதுநகர் பஜார் போன்ற கூட்டத்தில் மிகவும் உதவும். பிள்ளை காணவில்லை என்றால் தேடிக்கொண்டே நேரத்தைக் கழிக்காமல் 112-க்கோ 1098-க்கோ உடனே பேசுங்கள். தெருவில் வெடி வைத்துக்கொண்டிருப்பவர்களிடம் குரல் கொடுக்கப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள். "அண்ணே, நாங்க வர்றோம், நிறுத்துங்க" என்று கத்திவிட்டு, அவர் கையைக் காட்டியபின்தான் நகர வேண்டும்.

கொடுத்த பலகாரத்திலும் ஒரு கவனம் உண்டு. நாலு வயது ஆகாத பிள்ளைக்கு முழுக் கடலை, முந்திரி, சீடை, கடலை உருண்டை கூடாது. ஓடிக்கொண்டே தின்னும்போது மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். வெடியைத் தொட்ட கையோடு அதிரசத்தை எடுக்கவும் விடாதீர்கள். அந்தக் கையில் அலுமினியப் பொடியும் பேரியம் உப்பும் ஒட்டியிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் சாப்பாடு.

எதைக் கையில் கொடுக்கலாம்

நம் வீடுகளில் ஒரு கணக்கு இருக்கிறது: சத்தம் போடுவது ஆபத்து, சத்தம் போடாதது பிள்ளைகளுக்கானது. லட்சுமி வெடியையும் அணுகுண்டையும் பிள்ளை கிட்டவே அண்டவிட மாட்டோம், மத்தாப்பையும் பாம்பு மாத்திரையையும் நாமே எடுத்துக் கொடுப்போம். இந்தக் கணக்கு தப்பு.

கம்பி மத்தாப்பு எரியும்போது அதன் நுனியில் ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு. தண்ணீர் கொதிப்பது நூறு டிகிரியில் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் கையை நீட்டினால் பொறி முகத்திலிருந்து தள்ளி விழும். மூன்று வயதுப் பிள்ளையின் கை நீளம் அவ்வளவு இல்லை, பொறி அதன் மார்பிலும் மடியிலும்தான் விழும். அணைந்த பிறகும் கம்பி பழுக்கச் சூடாகத்தான் இருக்கும். பிள்ளை அதைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடும், பின்னால் வருகிற பிள்ளை வெறுங்காலால் அதை மிதிக்கும். தீபாவளிக் காயங்களில் பாதத்தில் கோடு போட்டதுபோல் இருப்பது இந்தக் கம்பியால்தான். ஆகவே மத்தாப்பு கொளுத்தும் இடத்தில் முதலில் வர வேண்டியது ஒரு வாளித் தண்ணீர். எரிந்த ஒவ்வொரு கம்பியும் நேராக அதற்குள். பிள்ளைகளுக்கு இதுவே விளையாட்டாகிவிடும், "சுர்" என்ற சத்தம் கேட்பதற்காகவே ஓடிவந்து போடுவார்கள்.

பாம்பு மாத்திரை இன்னும் மோசம். புனேயின் செஸ்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2016-இல் பட்டாசு வகைகளின் புகையை அளந்தது. பாம்பு மாத்திரை கொளுத்தியபோது நுண்துகள் அளவு ஒரு கன மீட்டர் காற்றுக்கு 64,500 மைக்ரோகிராம் வரை போனது. ஆயிரம் வாலா சரத்துக்கே 38,540தான். நம் நாட்டில் ஒரு நாள் சராசரிக்கு வகுத்த வரம்பு 60. அந்தக் கரும்புகை எழும்போது பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பாம்பு வளர்வதைப் பார்க்க முகத்தை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அதுவும் போக, பார்க்க மருந்து மாத்திரை போலவே இருப்பதால் தவழும் பிள்ளை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். இதை வாங்கவே வேண்டாம்.

புஸ்வாணம் பார்க்க அழகு, ஆனால் சில சமயம் வெடித்துவிடும். ஐந்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். தரைச்சக்கரம் எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல முடியாது, பிள்ளையைத் திண்ணை மேலோ படி மேலோ ஏற்றி நிறுத்திவிட்டுச் சுற்றுங்கள். ராக்கெட் பிள்ளைகள் கொளுத்தும் சாமானே இல்லை. பொட்டு வெடியும் சுருள் கேப்பும் உரசினாலே வெடிக்கும் மருந்து. துப்பாக்கியில் ஒவ்வொன்றாகப் போட்டால் போகட்டும், டவுசர் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட விடாதீர்கள், குவித்து வைத்துக் கல்லால் தட்டவும் விடாதீர்கள்.

கார்பைடு துப்பாக்கி என்று ஒன்று இப்போது வீடியோக்களில் பரவுகிறது. பிளாஸ்டிக் குழாயில் கால்சியம் கார்பைடும் தண்ணீரும் சேர்த்து அசிட்டிலின் வாயுவை உண்டாக்கி வெடிக்கச் செய்வது. 2025 தீபாவளியில் போபால் உள்ளிட்ட மத்தியப் பிரதேச ஊர்களில் இதனால் நூற்றுக்கும் மேற்பட்டோர் கண்ணில் காயத்தோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். பெரும்பாலும் சிறுவர்கள், பலருக்குப் பார்வையே போனது. வெடிக்கவில்லையே என்று குழாய்க்குள் எட்டிப் பார்க்கும்போது வெடிப்பதுதான் இதன் குணம். உங்கள் பிள்ளையின் கூட்டாளி யாரிடமாவது இது இருந்தால் அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். சண்டை வந்தாலும் பரவாயில்லை.

வயதுக் கணக்கு கேட்டால் நான் சொல்வது இது. ஐந்து வயது வரை பார்ப்பது மட்டும். ஐந்திலிருந்து எட்டு வரை பெரியவர் கையைப் பிடித்தபடி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மத்தாப்பு. எட்டுக்கு மேல் நீண்ட ஊதுவத்தியாலோ நீளமான கம்பி மத்தாப்பாலோ புஸ்வாணம், சக்கரம் பற்றவைக்கலாம், பெரியவர் பக்கத்தில் நிற்க. தீப்பெட்டியால் நேராகத் திரியைப் பற்றவைப்பது யாருக்கும் கூடாது. வெடி ரகங்களைப் பன்னிரண்டு வயதுக்கு முன் தொடவே வேண்டாம். பசுமைப் பட்டாசு என்று பெட்டியில் போட்டிருந்தால் புகை குறையும், அவ்வளவுதான். சுடுவதில் அதற்கும் மற்றதற்கும் வித்தியாசம் இல்லை.

உடுப்பு

தீபாவளிக்கு எடுக்கும் பிள்ளைத் துணியில் முக்கால்வாசி செயற்கை இழை. நெட் கவுன், ஜிகினா வைத்த பாவாடை, பளபளக்கும் ஷெர்வானி. பருத்தியில் பொறி விழுந்தால் ஓட்டை விழும், சில சமயம் எரியும், தட்டி அணைக்கலாம். நைலானும் பாலியஸ்டரும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், பிய்த்து எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும். ஆலையில் உங்களை ஏன் பருத்தி உடுத்தச் சொல்கிறார்கள் என்பது தெரிந்த உங்களுக்கு இதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. புதுத் துணியை உடுத்தி, சாமி கும்பிட்டு, படம் எடுத்து, பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்கியாயிற்றா, சரி. வெடி நேரத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். பழைய பருத்திச் சட்டை, தொங்காத அரைக்கால் அல்லது முழுக்கால் சட்டை, காலில் ஷூ. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையைப் பின்னிக் கட்டுங்கள். துப்பட்டாவும் தாவணியும் அந்த ஒரு மணி நேரம் கொடியில் கிடக்கட்டும். இடுப்பில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வெடி கொளுத்தும் அப்பாக்கள் உண்டு. அதைக் கண்டால் யாராயிருந்தாலும் பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள்.

சத்தமும் புகையும்

நம் நாட்டுச் சட்டப்படி வெடி ஒன்று நாலு மீட்டர் தூரத்தில் உச்ச அளவாக 145 டெசிபலைத் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளின் காதுக்குச் சொல்லும் உச்ச வரம்பு 120. அதாவது சட்டத்துக்கு உட்பட்ட வெடிகூட நாலு மீட்டரில் பிள்ளைக் காதுக்கு அதிகம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் சத்தம் 6 டெசிபல் குறையும். இரண்டு பக்கமும் சுவர் எழும்பிய சந்தில் அதுவும் குறையாது. பச்சைக் குழந்தை, ஆறு மாதக் குழந்தை எல்லாம் அந்த நேரம் தெருவைப் பார்க்காத உள் அறையில், ஜன்னல் அடைத்து, அம்மாவோ பாட்டியோ கூட இருக்கப் படுத்திருப்பதே நல்லது. பிள்ளை அலறினால் "பயப்படாதே, பழகிக்கோ" என்று வெளியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அதன் காது வலிப்பதால்தான் அது அழுகிறது.

வீசிங் இருக்கும் பிள்ளைக்கு இன்ஹேலர், நெபுலைசர் மருந்து தீர்ந்திருக்கிறதா என்று ஒரு வாரம் முன்பே பாருங்கள், தீபாவளி அன்று மருந்துக்கடை மூடியிருக்கும். விலா எலும்புக்கு இடையே தசை உள்ளிழுப்பதைக் கண்டாலோ, பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. புகையின் வேகத்தை நம் ஊர் நேரில் பார்த்திருக்கிறது. 2016 அக்டோபரில் சிவகாசியில் பட்டாசுக் கிடங்கு ஒன்று தீப்பிடித்தபோது, பக்கத்துக் கட்டடத்தில் ஸ்கேன் எடுக்க வந்திருந்தவர்கள் மூச்சுத்திணறி இறந்தார்கள். அவர்களில் பலரைத் தீ தொடவே இல்லை.

வாங்குவதும் வைப்பதும்

சிவகாசிக்கு நேரில் வந்து வாங்கும் குடும்பங்கள் காரில் பிள்ளைகளோடு வருவார்கள். பிள்ளைகளைக் கடைக்குள் கொண்டுபோகாதீர்கள். ஆலையை ஒட்டிய கடைகளில் வெடித்துக் காட்டச் சொல்லிக் கேட்கவே கேட்காதீர்கள். 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையத்தில் பதினொன்றுக்கும் மேற்பட்டோர் கருகி இறந்தது, பட்டாசை வெடித்துப் பார்த்தபோது பறந்த பொறியால்தான் என்று அப்போது சொல்லப்பட்டது. வாங்கியதை டிக்கியில், பிள்ளை உட்காரும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். ரயிலில் பட்டாசு கொண்டுபோனால் ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. இருசக்கர வண்டியில் பிள்ளையையும் பட்டாசையும் சேர்த்து ஏற்றவே கூடாது. 2021 தீபாவளி அன்று புதுச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பத்தில், நாட்டு வெடி மூட்டையோடு ஸ்கூட்டரில் வந்த தகப்பனும், முன்னால் நின்றிருந்த ஏழு வயது மகனும் போகிற வழியிலேயே வெடித்துச் செத்தார்கள். உரிமம் இல்லாத நாட்டு வெடி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

வீட்டில் பட்டாசை உயரமான அலமாரியில், அடுப்படிக்கும் பூஜை விளக்குக்கும் தூரத்தில், பூட்டி வையுங்கள். ஐப்பசி மழையில் நமத்துப்போனால் அடுப்புக்குப் பக்கத்திலோ இஸ்திரிப் பெட்டியாலோ சூடு காட்டாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நம் பகுதியில் சில வீடுகளில் திருட்டுத்தனமாக மருந்து வைத்து வெடி சுற்றுகிறார்கள். வயிற்றுப்பாட்டுக்குச் செய்வதுதான், புரிகிறது. 2021 ஜூனில் தாயில்பட்டியில் அப்படி ஒரு வீடு வெடித்தபோது இறந்தவர்களில் சிறு பிள்ளையும் உண்டு. பிள்ளை படுத்துத் தூங்கும் கூரைக்குக் கீழே மருந்து இருக்கக் கூடாது. சீசன் கூலி எவ்வளவு வந்தாலும் இதற்குச் சமாதானம் கிடையாது.

எங்காவது குபுகுபுவென்று புகை எழுந்தால் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போகும் பழக்கமும் நமக்கு உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஆலை வெடித்தபோது இறந்த சுமார் 40 பேரில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடியவர்கள். அடுத்த வெடிப்பு அவர்களைப் பிடித்துக்கொண்டது.

பட்டுவிட்டால்

துணியில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. நில், படு, உருள். இதைத் தீபாவளிக்கு முந்தின வாரம் பாயை விரித்துப் பிள்ளையோடு நாலு தடவை விளையாடிப் பார்த்துவிடுங்கள். அந்த நேரத்தில் சொல்லிக்கொடுத்தால் அதன் காதில் ஏறாது. நீங்கள் பருத்திப் போர்வையால் சுற்றி அணையுங்கள்.

தீக்காயத்தைக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். இருபது நிமிடம் நீளமாகத்தான் தோன்றும், பிள்ளை கத்தும், சுற்றி நிற்பவர்கள் போதும் போதும் என்பார்கள். நிறுத்தாதீர்கள். காயம் ஆழமாக இறங்காமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். பிள்ளைக்குக் குளிரெடுக்காமல் மற்ற உடம்பைத் துணியால் போர்த்திக்கொள்ளுங்கள். வீக்கம் வருமுன் வளையல், மோதிரம், கொலுசு, அரைஞாண் கயிற்றைக் கழற்றுங்கள். ஒட்டிய துணியை இழுக்காமல் சுற்றி வெட்டிவிடுங்கள். இங்க், பேஸ்ட், தோசை மாவு, காபிப் பொடி, மஞ்சள், வெண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முகம், கை, பாதம், அந்தரங்க உறுப்பு ஆகியவற்றில் பட்டாலோ, பிள்ளையின் உள்ளங்கையைவிடப் பெரிய காயமானாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

கண் விஷயத்தில் தண்ணீரைப் பற்றிய இந்த விதி அப்படியே பொருந்தாது. பொடி மட்டும் விழுந்திருந்தால் சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவலாம். வெடித்த துண்டு குத்தியிருந்தாலோ, ரத்தம் வந்தாலோ, பார்வை மங்கினாலோ கழுவவும் கூடாது, தேய்க்கவும் கூடாது, தாய்ப்பால் விடவும் கூடாது. ஒரு காகிதக் கப்பைக் கண் மேல் கவிழ்த்து, கண்ணில் அழுத்தம் படாமல் பிளாஸ்திரி ஒட்டி, உடனே கண் மருத்துவரிடம் போங்கள். மதுரையில் 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இரண்டும் நம் பகுதியிலிருந்து போகக் கூடியவை. வலி குறைந்துவிட்டது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதில்தான் பார்வை போகிறது.

பட்டாசு மருந்தை விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்தப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், என்ன ரசாயனம் என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

மறுநாள் காலை

வெடி நேரம் முடிந்ததும் நாம் ஆபத்தும் முடிந்ததென்று படுத்துவிடுகிறோம். ஆனால் பிள்ளைகள் விடியுமுன்னே எழுந்து, தெருவில் குவிந்த சிவப்புக் காகிதத்துக்குள் வெடிக்காத பிஜிலியும் குருவி வெடியும் பொறுக்குவார்கள். சிலதில் திரி இருக்காது. பிரித்து மருந்தைப் பேப்பரில் கொட்டி, தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோவார்கள். குனிந்த முகத்துக்கு நேராகக் குப்பென்று எரியும். புருவம், இமை, விரல் நுனி, சில சமயம் கண். பெரியவர் ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லாத நேரம் அது. ஆலைக் கழிவைக் கொட்டிய இடங்களிலும், காட்டோரம் வீசிய சேம்பிள் வெடிகளிலும் வருஷம் முழுக்க இதே ஆபத்து உண்டு.

ஆகவே தீபாவளி இரவே, எட்டரை மணிக்கு, தெருக்காரர்கள் இரண்டு பேர் டார்ச்சும் துடைப்பமும் எடுங்கள். வெடிக்காதது எதையும் மறுபடி கொளுத்தாதீர்கள். திரி பிடித்தும் வெடிக்காததற்குப் பதினைந்து நிமிடம் விட்டு, தள்ளி நின்றே தண்ணீரை ஊற்றுங்கள். மிச்சத்தையெல்லாம் கூட்டி வாளித் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். குப்பையைக் குவித்துத் தீ வைக்கவே கூடாது. காலையில் ஊறியதை ஈரத்தோடு தனிப் பையில் கட்டி, அதில் என்ன இருக்கிறதென்று தூய்மைப் பணியாளரிடம் வாயால் சொல்லி ஒப்படையுங்கள். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.